ஒண்ணா, ரெண்டா?

1

பீச் – தாம்பரம் லோக்கலில் அவரை நான் பல வருஷமாகப் பார்க்கிறேன். ரேஷன் கார்டு கவர், ஏடிஎம் கார்டு கவர், பாஸ்புக் கவர் என்று பிளாஸ்டிக் உறைகளை ஒரு கம்பி வளையத்தில் கோத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். கண் தெரியாது. மேலே தொங்கும் கைப்பிடிகளை ஒரு கையால் தொட்டுக்கொண்டே நகர்வார். பெட்டியில் எங்கே கூட்டம், எங்கே வழி என்பதெல்லாம் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும்.

ஒருநாள் எனக்கு எதிரே இருந்த அம்மா ஒரு கவர் வாங்கினார். பத்து ரூபாய். கைப்பையைத் துழாவிச் சில்லறையாகவே எடுத்துக் கொடுத்தார். ஒரு அஞ்சு ரூபாயும், வேறு மூன்று காசுகளும். அஞ்சு ரூபாய் விரலில் பட்டதுமே அவர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். மற்ற மூன்றையும் கட்டைவிரலால் தேய்த்தார். விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினார். பிறகு உள்ளங்கையை என் பக்கம் நீட்டி, "தம்பி, இதுல எது ஒண்ணு, எது ரெண்டு?" என்றார்.

இரண்டு, இரண்டு, ஒன்று. கணக்கு சரியாக இருந்தது. சொன்னேன்.

"முன்னல்லாம் யாரையும் கேக்க வேணாம் தம்பி. ரெண்டு ரூபா மூலை மூலையா இருக்கும். தொட்டாலே தெரிஞ்சிரும். இப்ப எல்லாம் ஒரே வழுக்கல். குடுக்கறவங்க சொல்றதுதான் கணக்கு."

வீட்டுக்கு வந்ததும் டப்பாவில் கிடந்த காசுகளைக் கொட்டி ஸ்கேல் வைத்து அளந்தேன். 1990களில் அச்சான ஒரு ரூபாய், 25 மில்லிமீட்டர். 2011க்குப் பிறகு வந்த இரண்டு ரூபாய், அதுவும் 25. உலோகமும் ஒன்றுதான், துருப்பிடிக்காத எஃகு. அறிவிக்கப்பட்ட எடையும் ஒன்றுதான், 4.85 கிராம். அவர் விரலில் தப்பே இல்லை. ஒன்றும் இரண்டும் ஒரே அளவில், ஒரே எடையில், ஒரே சந்தையில் புழங்கிக்கொண்டிருக்கின்றன.

இது எப்படி நடந்தது? இந்த நாட்டில் காசுக்கு வடிவம் கொடுப்பது ஒரு காலத்தில் மிகுந்த அக்கறையோடு செய்யப்பட்ட வேலை. அந்த அக்கறை எங்கிருந்து வந்தது, எங்கே தொலைந்தது என்று பார்க்க நூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

2

சில்லறையைப் பற்றித் தமிழில் இருக்கிற சொற்களே ஒரு சின்ன சரித்திரம். 'காசு' நம்முடையது. போர்த்துகீசியர் வாயில் புகுந்து ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆகி, மதராஸில் கம்பெனிக்காரர்கள் அச்சிட்ட செப்புக் காசுக்கே பெயரானது. 'துட்டு' டச்சுக்காரர்களின் சிறு நாணயத்தின் பெயரிலிருந்து வந்தது. வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், சொல் மட்டும் நம் மடியில் தங்கிவிட்டது. ஆட்களை மட்டம் தட்டவும் நாம் சில்லறையைத்தான் கூப்பிடுகிறோம். 'சில்லறைப் பய', 'சல்லிக்காசுக்குப் பெறாதவன்', 'செல்லாக்காசு'. சிறிய காசின் மேல் சமூகத்துக்கு எப்போதுமே கொஞ்சம் இளப்பம்தான்.

பிரிட்டிஷ் இந்தியாவின் கணக்கு இன்றைய தலைமுறைக்குப் புதிராக இருக்கும். ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஒரு அணாவுக்கு 4 காலணா, அல்லது 12 தம்பிடி. அதாவது ஒரு ரூபாயில் 192 தம்பிடி. பள்ளிக்கூடம் போகாத கிழவிகள்கூட இந்தக் கணக்கை மனசுக்குள்ளேயே போட்டார்கள். காரணம், அந்தக் கணக்கு பாதி பாதியாகப் பிளக்கக்கூடியது. ரூபாய், அரை ரூபாய், கால் ரூபாய், அதில் பாதி இரண்டணா, அதிலும் பாதி ஓரணா, அரையணா, காலணா. ஒரு வெல்லக்கட்டியை உடைப்பதுபோல ரூபாயை உடைத்துக்கொண்டே போகலாம்.

1906இல் வந்த நாணயச் சட்டத்தைத் தொடர்ந்து, 1907இல் செம்பும் நிக்கலும் கலந்த ஓரணாக் காசு வெளியானது. அதற்கு முன் காசு என்றால் வட்டம். இந்த அணாவின் விளிம்பிலோ பன்னிரண்டு வளைவுகள், பூவிதழ் மாதிரி. நிக்கல் கலவை பார்ப்பதற்கு வெள்ளி போலவே பளபளக்கும். இதையும் வட்டமாக அடித்திருந்தால் வெள்ளிக் காசு என்று சொல்லி விவரம் தெரியாதவர் தலையில் கட்டிவிடலாம். நெளிநெளியான விளிம்பு அந்த ஏமாற்றுக்கு இடம் தரவில்லை. முதல் உலகப் போரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது மற்ற சிறு வெள்ளிக் காசுகளும் நிக்கல் கலவைக்கு மாறின. 1918இல் இரண்டணா சதுரமாக வந்தது. 1919இல் நாலணா எட்டுக் கோணமாக வந்தது. எட்டணா மட்டும் வட்டமாக வந்தது, அது நீண்ட காலம் நிற்கவில்லை.

ஓரணாக் காசில் இன்னொரு விஷயம் உண்டு. அதன் மதிப்பு ஆங்கிலத்தோடு நாகரி, வங்காளம், தெலுங்கு, உருது ஆகிய நான்கு எழுத்துகளிலும் பொறிக்கப்பட்டிருந்தது. தமிழ் இல்லை. மதராஸ் மாகாணத்துக்குத் தெலுங்கு போதும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். ஆனால் தஞ்சாவூர்க்காரரோ திருநெல்வேலிக்காரரோ அந்தக் காசைப் பார்த்து 'இது என்ன?' என்று விழித்ததில்லை. நெளிவு என்றால் ஓரணா, சதுரம் என்றால் இரண்டணா. எழுத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு வடிவத்தில் இடம் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் எடுத்த முதல் கணக்கெடுப்பில், 1951இல், இந்தியாவில் எழுத்தறிவு 18.33 சதவீதம். காசைப் புழங்கியவர்களில் பெரும்பாலோருக்கு எந்த மொழியில் எழுதியிருந்தாலும் ஒன்றுதான். அவர்கள் காசை விரலால் படித்தார்கள்.

3

ஆனால் வடிவத்தைத் தீர்மானிப்பது அக்கறை மட்டும் கிடையாது. உலோகத்தின் விலையும் கூடவே உட்கார்ந்து பேரம் பேசும்.

சின்னக் காசுக்கு ஒரு பிறவிக் கஷ்டம் உண்டு. பத்து ரூபாய்க் காசை அடிக்க ஆகும் செலவும் ஒரு ரூபாய்க் காசை அடிக்க ஆகும் செலவும் பத்து மடங்கு வித்தியாசப்படுவதில்லை. தகடு வெட்ட வேண்டும், அச்சில் கொடுத்து அழுத்த வேண்டும், எண்ண வேண்டும், மூட்டை கட்ட வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும். வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆகவே மதிப்பு குறையக் குறைய அரசுக்கு நஷ்டம் கூடும். அதோடு உலோக விலை ஏறி, காசுக்குள் இருக்கும் உலோகத்தின் மதிப்பு அதன் முகமதிப்பைத் தாண்டிவிட்டால் கதையே வேறு. அப்போது காசை உருக்கி விற்பவன் புத்திசாலி, செலவு செய்பவன் ஏமாளி. கல்லாவில் இருக்க வேண்டியது உலைக்குப் போய்விடும்.

இரண்டாம் உலகப் போர் இந்தக் கஷ்டத்தைக் காலணாவில் ஓட்டையாகவே போட்டுக் காட்டியது. அதற்கு முன் வெண்கலக் காலணா ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 1943இல் வந்த புதிய காலணாவின் நடுவில் பெரிய துளை. எடை பழையதில் பாதிகூட இல்லை. தம்பிடிக்கு அந்தக் கவலையும் மிச்சமில்லை, 1942ஆம் ஆண்டோடு அதை அடிப்பதே நின்றுவிட்டது. ரூபாயின் 192இல் ஒரு பங்கு அத்தோடு கையை விட்டுப் போனது.

ஓட்டைக் காலணா 1947 வரை அச்சானது. உலோகத்தை மிச்சம் பிடிக்கப் போட்ட ஓட்டைதான் என்றாலும் மக்கள் அதைத் தங்கள் வசதிக்கு எடுத்துக்கொண்டார்கள். கயிற்றில் கோத்து இடுப்பில் முடிந்துகொண்டவர்கள் உண்டு. குழந்தையின் அரைஞாணில் கட்டியவர்கள் உண்டு. ஆணிக்கு வாஷராகப் போட்டதாகவும் சொல்வார்கள். நல்ல வடிவம் என்பது இதுதான் என்று தோன்றுகிறது. இருட்டில், மடியில், எண்ணெய்க் கையில் தொட்டாலும் 'நான் காலணா' என்று சொல்லிவிடும்.

குடியரசு ஆன கையோடு, 1950 ஆகஸ்ட் 15இல் புதிய காசுகள் வந்தன. மன்னர் தலைக்குப் பதில் அசோகச் சிங்கம். காலணாவில் பாயும் குதிரை, அணாக் காசுகளில் திமில் காளை, ரூபாய் வகையறாவில் கோதுமைக் கதிர். படம்தான் மாறியது. அரையணாவும் இரண்டணாவும் அதே சதுரம், ஓரணா அதே நெளிவு. ஆட்சி மாறியது விரலுக்குத் தெரியவில்லை. அது நல்லதுதான்.

4

1955இல் நாடாளுமன்றம் நாணயச் சட்டத்தைத் திருத்தியது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 பைசா. பழைய காலணாவுக்கும் வடக்கே பைசா என்றே பெயர். அது ரூபாயில் 64இல் ஒரு பங்கு, இது 100இல் ஒரு பங்கு. குழப்பம் வரக் கூடாதென்று புதியதற்கு 'நயா பைசா' என்று பெயர் வைத்தார்கள். 1964 ஜூன் 1இல் 'நயா'வை எடுத்துவிட்டார்கள். நம் பேச்சிலிருந்து மட்டும் அதை எடுக்க முடியவில்லை. "நயா பைசா தரமாட்டேன்" என்று இன்றைக்கும் சண்டை போடுகிறோம்.

இந்த வரிசையை வடிவமைத்தவர்கள் பழைய பாடத்தை மறக்கவில்லை. 1 நயா பைசா சிறிய வெண்கல வட்டம். 2 நெளிந்த விளிம்பு. 5 சதுரம். 10 மறுபடி நெளிவு, ஆனால் பெரிசு. 25இலிருந்து நிக்கல் வட்டங்கள். அடுத்தடுத்து வரும் சிறு காசுகள் இரண்டு ஒரே வடிவத்தில் இல்லை. காசின் பெயர் இந்தியில் மட்டும்தான் இருந்தது. 'ரூபாயின் நூறில் ஒரு பங்கு' என்ற விளக்கமும் இந்தியில்தான். இந்த முறை தெலுங்குக்காரருக்கும் இடமில்லை. ஆனாலும் எண் இருந்தது, எண்ணும் தெரியாதவருக்கு வடிவம் இருந்தது.

கஷ்டம் வேறு இடத்தில் வந்தது. 16ஐ நூறுக்குள் மடக்கினால் ஓரணா 6.25 நயா பைசா. காலணா 1.5625. பின்னத்துக்குக் காசு கிடையாது. ஆகவே சட்டம் ஒரு விதி போட்டது. அரைப் பைசாவோ அதற்குக் குறைவோ இருந்தால் விட்டுவிடு, அதற்கு மேல் இருந்தால் ஒன்றாகக் கணக்கிடு. கடை கடையாக மாற்றுப் பட்டியல் தொங்கியது. ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19, நாலணா 25. அரையணா 3. காலணா 2.

பார்ப்பதற்கு நியாயமான விதி. இப்போது ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருத்தர் ஓரணாவுக்கு ஒரே தடவையில் சாமான் வாங்குகிறார். புதுக்காசில் 6 பைசா, அவருக்குக் கால் பைசா லாபம். இன்னொருத்தர் அன்றன்றைக்குக் கிடைக்கும் கூலியில் காலணாவுக்குப் புளி, காலணாவுக்கு மிளகாய், மறுநாள் காலணாவுக்கு உப்பு, காலணாவுக்கு வெற்றிலை என்று நான்கு தடவை வாங்குகிறார். தடவைக்கு 2 வீதம் 8 பைசா. இரண்டு பேருக்கும் பழைய காசில் செலவு ஒன்றுதான், ஓரணா. புதுக்காசில் ஒருவருக்கு 6, இன்னொருவருக்கு 8. காலணா காலணாவாக ஒரு ரூபாய்க்குச் சாமான் வாங்கியவர் உண்மையில் கொடுத்தது ஒரு ரூபாய் 28 பைசா.

பழைய காலணாக் காசையே கொடுத்தால் இந்த நஷ்டம் கிடையாது, கொஞ்ச காலம் இரண்டும் சேர்ந்தே புழங்கின. பட்டியல் போட்டவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாகவும் நான் நினைக்கவில்லை. தசம முறை வந்திருக்கவே வேண்டும். அது இல்லாமல் இன்றைய வங்கிக் கணக்கையோ வரிக் கணக்கையோ கற்பனை செய்ய முடியாது. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். முழுதாக்குதல் என்ற செயல் எல்லாரையும் ஒரே மாதிரி தொடுவதில்லை. மொத்தமாக வாங்குகிறவருக்கு மாதத்தில் ஒரு பின்னம் போகிறது. சிறுகச் சிறுக வாங்குகிறவருக்கு ஒவ்வொரு வேளையும் ஒரு பின்னம் போகிறது. மிகச் சிறிய காசு மறையும் ஒவ்வொரு முறையும் இந்தக் கணக்கு திரும்ப வரும்.

5

அறுபதுகளில் உலோக விலை ஏறியது. 1964இல் ஆறு பக்கம் கொண்ட 3 பைசா வந்தது, அலுமினியத்தில். தொடர்ந்து 1, 2, 5, கடைசியில் 1971இல் 10 பைசாவும் அலுமினியத்துக்கு மாறின. வெண்கலத்தில் 1.5 கிராம் இருந்த ஒரு பைசா, அலுமினியத்தில் 0.75 கிராம். இந்த முறை வட்டத்தை விட்டுச் சதுரமாகிவிட்டது. எண்பதுகளில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இந்தக் காசுகள்தான் ஞாபகம் இருக்கும். தண்ணீரில் போட்டால் மெதுவாக அசைந்து அசைந்து இறங்கும். பல்லால் கடித்தால் தடம் விழும். கடைக்காரர் மேசையில் போட்டால் கணீர் என்ற சத்தமே வராது.

எடையில் காற்றாகிவிட்டாலும் வடிவத்தில் இவை கறாராக இருந்தன. 1, 5 சதுரம். 2, 10 நெளிவு. 3 அறுகோணம், 1982இல் வந்த அலுமினிய 20 பைசாவும் அறுகோணம். அடுத்தடுத்த காசுகள் ஒன்றோடொன்று குழம்பாது. இதற்கு முன் 1968இல் வந்த மஞ்சள் நிற 20 பைசா ஒன்று உண்டு, தாமரை போட்டது. புழக்கத்தில் அது அவ்வளவாக எடுபடவில்லை. நம் ஊரில் பல வீடுகளில் லட்சுமி பூஜைக்கென்று நூற்றெட்டு சேர்த்து வைத்தார்கள். அடித்தவர்கள் பணம் என்று நினைத்ததை மக்கள் பூ என்று எடுத்துக்கொண்டார்கள்.

காசை உருக்குவது எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்தது என்பதற்கு 1971இல் வந்த சட்டமே சாட்சி. சிறு காசுகளை உருக்குவதும், உருக்குவதற்காகப் பதுக்குவதும் குற்றம் என்று தனியாக ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. சட்டம் போட்டும் சில்லறைத் தட்டுப்பாடு போகவில்லை. எண்பதுகளில் நம் அச்சாலைகளால் ஈடுகொடுக்க முடியாமல் வெளிநாடுகளிலும் காசு அடித்து வாங்கினார்கள். 1985 என்று ஆண்டு போட்ட காசுகளில் சில பிரிட்டனிலும் கனடாவிலும் தென்கொரியாவிலும் அச்சானவை. இங்கே மளிகைக்கடையில் மீதிக் காசுக்குப் பதில் மிட்டாய் வந்தது. பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதிக் கொடுத்து, "எறங்கறப்ப வாங்கிக்க" என்றார். இறங்கும்போது வாங்க மறந்தவர்கள் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

இந்தச் சிக்கலுக்கெல்லாம் விடையாக வந்தது எஃகு. 1988இல் 10, 25, 50 பைசாக்கள் துருப்பிடிக்காத எஃகில் வந்தன. 1992இல் ஒரு ரூபாயும் மாறியது. கெட்டியான உலோகம், தேயாது, வளையாது. ஆனால் நான்குமே வட்டம். விரலுக்கு இப்போது அளவை மட்டுமே விட்டுவைத்தார்கள். 16 மில்லிமீட்டர், 19, 22, 25. மூன்று மூன்று மில்லிமீட்டராக ஏறும் ஒரு ஏணி. நெளிவும் சதுரமும் அறுகோணமும் போய்விட்டாலும் ஏணி ஒழுங்காக இருந்ததால் சமாளிக்க முடிந்தது. இரண்டு ரூபாய் இதில் சேராமல் பதினொரு பக்கங்களோடு தனியாக நின்றது. ரயில் அண்ணன் சொன்ன 'மூலை மூலையா' அதுதான்.

6

ஏணி நிலைத்து நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

2005 வாக்கில் இரண்டு ரூபாயும் வட்ட எஃகாக மாறியது. ஒரு ரூபாய்க்கும் அதற்கும் அளவில் இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கண் தெரிந்தவர்களே மாற்றிக் கொடுத்தார்கள். 2007இல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு ரூபாயில் உயர்த்திய கட்டைவிரல், இரண்டு ரூபாயில் இரண்டு விரல். எழுதப்படிக்கத் தெரியாதவருக்கு உதவும் என்று, நாட்டிய முத்திரை போல. யோசனை அழகுதான். ஆனால் அது விரலைப் படமாக வரைந்தது. பார்க்க முடிந்தவருக்கே அது பயன்படும்.

அதே 2007இல் இன்னொரு செய்தியும் வந்தது. இந்தியக் காசுகளை வங்கதேசத்துக்குக் கடத்தி, உருக்கி, சவர பிளேடு செய்கிறார்கள் என்று. ஒரு ரூபாய்க் காசிலிருந்து ஐந்தாறு பிளேடு வரும் என்றார்கள். ஓட்டைக் காலணாக் காலத்துப் பழைய வியாதி திரும்பிவிட்டது. மருந்தும் பழையதுதான், எடையைக் குறை. ஒரு ரூபாய்க் காசின் எடையை வரிசையாகப் பார்த்தால் தெரியும். 1962இல் நிக்கலில் 10 கிராம். 1975இல் 8. 1983இல் 6. 1992இல் 4.85. 2011இல் 3.79. 2019இல் 3.09. ரூபாயின் மதிப்பு சரிந்த கதையை வேறெந்த வரைபடமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. இத்தனை இளைத்தும் நஷ்டம் தீரவில்லை. 2018இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளியான கணக்குப்படி, ஒரு ரூபாய்க் காசை அடிக்க ஆன சராசரிச் செலவு 1 ரூபாய் 11 பைசா.

2011இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூன் 30ஆம் தேதியோடு 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் செல்லாமல் போயின. நாலணா என்ற சொல்லைத் தாங்கிய கடைசிக் காசு, காண்டாமிருகம் போட்ட அந்தச் சின்ன எஃகு வட்டம், அன்றைக்குச் செல்லாக்காசானது. அதே ஆண்டு புதிய வரிசையும் வந்தது. அதில் ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர், 3.79 கிராம். 1988இன் எட்டணாவுக்கு இருந்த அதே அளவு, அதே எடை. இரண்டு ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 1992இன் ஒரு ரூபாய்க்கு இருந்த அதே அளவு, அதே எடை. மொத்த ஏணியும் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. பழைய காசுகளைத் திரும்பப் பெறவில்லை, அவையும் செல்லும். ஆகவே 25 மில்லிமீட்டர் எஃகு வட்டம் ஒன்று கையில் கிடைத்தால், அது ஒன்றா இரண்டா என்பது எந்த வருஷம் அடித்தது என்பதைப் பொறுத்தது. வருஷத்தைப் படிக்கக் கண் வேண்டும்.

ரயிலில் அவர் என்னிடம் நீட்டிய கேள்வி பிறந்த இடம் இதுதான்.

7

'இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு? எல்லாரும் ஜிபே பண்றாங்களே' என்று கேட்கலாம். உண்மைதான். இன்றைக்கு டீக்கடையிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. அதில் 17 ரூபாய் 63 பைசாவையும் துல்லியமாக அனுப்ப முடியும். கையில் செத்துப்போன பைசா போனுக்குள் உயிரோடுதான் இருக்கிறது. பெட்ரோல் விலை பைசாக் கணக்கில் நகர்கிறது. இன்லேண்ட் லெட்டர் பல வருஷமாக 2 ரூபாய் 50 பைசா, போஸ்ட் கார்டு 50 பைசா. 50 பைசா சட்டப்படி இன்னும் செல்லும், பத்து ரூபாய் வரைக்குமான தொகைக்கு அதை மறுக்கக் கூடாது. ஆனால் கொடுத்துப் பாருங்கள், பிச்சைக்காரர்கூடத் திருப்பிக் கொடுப்பார். செல்லாது என்ற வதந்தியால் பத்து ரூபாய்க் காசையே நம் ஊரில் வருஷக்கணக்கில் வாங்க மறுத்தார்கள். 2018இல் ரிசர்வ் வங்கி பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று அறிவித்த பிறகும் தயங்கினார்கள். காசு செல்வதைச் சட்டம் பாதிதான் தீர்மானிக்கிறது, மீதியைக் கடைக்காரரின் முகம் தீர்மானிக்கிறது.

ஆகவே பைசா யாருக்கு உயிரோடு இருக்கிறது, யாருக்குச் செத்துவிட்டது என்று பார்க்க வேண்டும். வங்கிக் கணக்கும் போனும் இருப்பவருக்குக் கடைசிப் பைசா வரை கணக்குச் சரியாக நடக்கிறது. காசைக் கையால் எண்ணிக் கொடுப்பவருக்கு எல்லாம் முழு ரூபாயாக, பல இடங்களில் ஐந்தாக, பத்தாக ஏறிவிட்டது. 1957இன் காலணாக் கணக்கு வேறு உருவத்தில் தொடர்கிறது.

சிறிய காசை ஒழிப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பைசாவை இன்று அடித்தால் அதை யாரும் குனிந்து எடுக்க மாட்டார்கள். கனடா 2013இல் ஒரு சென்ட் காசை விநியோகிப்பதை நிறுத்தியபோது ஒரு வழிமுறை சொன்னது. ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும், அதுவும் சாமானுக்குச் சாமான் இல்லாமல் மொத்தத் தொகையை மட்டும், அருகிலுள்ள ஐந்து சென்ட்டுக்கு மேலேயோ கீழேயோ சரிசெய்ய வேண்டும் என்று. எந்தப் பக்கம் சாய்வது என்பதையும் அந்த வழிமுறையே சொன்னது. நம் ஊரில் மீதி எப்போதும் ஒரே பக்கம்தான் சாய்கிறது. அதற்குப் பெயரும் வைத்திருக்கிறோம், "சில்லறை இல்லம்மா, வெச்சுக்கலாமா?"

வடிவம் வேறு விஷயம். அதற்கு உலோகம் அதிகம் வேண்டாம். பன்னிரண்டு நெளிவு போட்ட அணாவுக்கும் வட்ட அணாவுக்கும் செலவில் மலையளவு வித்தியாசம் இருந்திருக்க முடியாது. யோசனைதான் வேண்டும், காசை எடுத்து நீட்டும் கை யாருடையது என்ற யோசனை. 1907இல் அந்நிய அரசுக்கு இருந்த அந்த யோசனை, 2011இல் ஏணியை ஒரு படி இறக்கியபோது எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. 2019 மார்ச்சில் பார்வையற்றோர் எளிதாக அறியும்படி என்று சொல்லி ஒரு புதிய வரிசையை வெளியிட்டார்கள். மதிப்பு ஏற ஏற எடையும் ஏறும்படி அமைத்தார்கள். ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர், இரண்டு 23, ஐந்து 25. புதிதாக வந்த இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம். வரிசை தன்னளவில் நல்ல வரிசை. ஆனால் பழையவை எல்லாம் கூடவே புழங்குவதால், 25 மில்லிமீட்டர் என்ற அளவு இப்போது மூன்று மதிப்புகளுக்குச் சொந்தம். ஐந்தை எடை காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றும் இரண்டும் அப்படியே இருக்கின்றன.

போன மாதம் கிண்டியில் ஏறினேன். அவர் இருந்தார். இரண்டு கவர் வாங்கி இருபது ரூபாய்க் காசைக் கொடுத்தேன். விளிம்பில் நகத்தை ஓட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், மூன்று. முகம் மலர்ந்தது.

"இருபதா? இது நல்லாருக்கு தம்பி. மூலை வெச்சிருக்காங்க."

அதைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி காசை அள்ளி என் முன்னால் நீட்டினார். காலையிலிருந்து சேர்ந்தது. "ஸ்டேஷன் வர்றதுக்குள்ள ஒண்ணு ரெண்டு பிரிச்சுக் குடுத்துருங்களேன்."

மாம்பலம் வரும்வரை பிரித்துக்கொண்டிருந்தேன்.